காரணம் என்ற கட்டம்: ஒரு மனிதவள மென்பொருளுடன் 18 மாதங்கள்

நான் பணிபுரியும் நிறுவனத்தில் ஏறத்தாழ 400 பேர் இருக்கிறோம். விடுப்பு, வருகைப்பதிவு, சம்பளம், பணிமதிப்பீடு, முறையீடு ஆகிய அனைத்தையும் ஒரே இடத்தில் கையாளும் மனிதவள மேலாண்மை மென்பொருள் ஒன்றை 18 மாதங்களுக்கு முன்பு நிர்வாகம் சந்தா அடிப்படையில் வாங்கியது. அறிமுகக் கூட்டத்தில் விற்பனைப் பிரதிநிதி திரும்பத் திரும்பச் சொன்ன சொல் 'வெளிப்படைத்தன்மை'. அந்தச் சொல்லை நான் மனதில் குறித்துக்கொண்டேன். மென்பொருளின் அமைப்புகளைக் கண்காணிக்கப் பணியாளர் தரப்பில் அமைக்கப்பட்ட குழுவில் நானும் இருப்பதால், ஊழியருக்குத் தெரியும் திரை, மேலாளருக்குத் தெரியும் திரை, மனிதவளத் துறைக்குத் தெரியும் திரை ஆகிய மூன்றையும் மாதிரிப் பதிவுகளுடன் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்த ஒப்பீட்டிலிருந்து எழுந்ததே இந்த மதிப்புரை.

மென்பொருளின் பெயரைக் குறிப்பிடவில்லை. அதன் குறைகளில் சில தயாரிப்பாளருடையவை. சில எங்கள் நிர்வாகம் தேர்ந்தெடுத்த அமைப்புகளால் வந்தவை. ஒரே மென்பொருள் ஒரு நிறுவனத்தில் திறந்த சாளரமாகவும் இன்னொன்றில் பூட்டிய அலமாரியாகவும் இருக்கக்கூடும். ஆகவே இத்தகைய மென்பொருள் எதை மதிப்பிடுவதற்கும் பயன்படும் ஒரு கேள்வியையே நான் அளவுகோலாக வைத்துக்கொண்டேன். ஒரு முடிவு யாரைப் பாதிக்கிறதோ, அவர் அந்த முடிவையும், அதன் காரணத்தையும், அதை எடுத்தவர் யார் என்பதையும் பிறரிடம் கேட்டு நிற்காமல் தன் திரையிலேயே பார்க்க முடிகிறதா?

சம்பளச் சீட்டைப் பொறுத்தவரை, தயக்கமின்றி ஆம் என்று சொல்வேன். முன்பெல்லாம் மொத்தச் சம்பளம், மொத்தப் பிடித்தம், கைக்கு வரும் தொகை என்று மூன்று வரிகளில் முடிந்துவிடும். இப்போது ஒவ்வொரு வரியையும் தொட்டால், அது எந்தக் கணக்கின்படி வந்தது என்பது விரிகிறது. ஊதியமில்லா விடுப்பு ஒரு நாள் எடுத்தால், மாதச் சம்பளத்தை 30ஆல் வகுத்துக் கழித்தார்களா, அந்த மாதத்தின் வேலைநாட்களால் வகுத்துக் கழித்தார்களா என்பது எல்லா அலுவலகங்களிலும் பூசலைக் கிளப்பும் கேள்வி. இங்கே வகுத்த எண்ணே கண்முன் நிற்கிறது. நிலுவைத் தொகை சேர்ந்திருந்தால் அது எந்த மாதத்துக்குரியது என்றும் தெரிகிறது. என் கூடுதல் நேரப் பணியில் 6 மணி நேரம் விடுபட்டிருந்ததை நான் இரண்டே நிமிடங்களில் கண்டுபிடித்தேன். அடுத்த சம்பளத்தில் அது சேர்ந்து வந்துவிட்டது. தவறு நேர்ந்ததைவிட, அந்தத் தவறு என் கண்ணுக்குத் தெரியும்படி இருந்ததுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

விடுப்புப் பகுதியும் பெரும்பாலும் நன்றாகவே இயங்குகிறது. குழு நாட்காட்டியில் ஒருவர் வரமாட்டார் என்பது மட்டுமே மற்றவர்களுக்குத் தெரியும், அது நோய் விடுப்பா சொந்த வேலையா என்பது தெரியாது. இது சரியான முடிவு. ஆனால் விண்ணப்பத்தை மறுக்கும்போது காரணம் எழுத வேண்டிய கட்டம் விருப்பத்திற்கு விடப்பட்டிருந்தது. பெரும்பாலான மேலாளர்கள் அதைக் காலியாகவே விட்டார்கள். கட்டாயமாக்கும்படி கேட்டோம், ஒரே அமைப்பை மாற்றியதில் வேலை முடிந்தது.

ஊதிய வரம்புக்கு வருகிறேன். ஒவ்வொரு பதவி நிலைக்கும் குறைந்தபட்ச, அதிகபட்ச ஊதியம் என்ன, அந்த வரம்புக்குள் தாம் எங்கே நிற்கிறோம் என்பதை ஊழியருக்குக் காட்டும் பக்கம் ஒன்று இந்த மென்பொருளில் இருக்கிறது. அருமையான பக்கம். ஆனால் வாங்கிய முதல் 11 மாதங்கள் எங்கள் நிர்வாகம் அதை அணைத்தே வைத்திருந்தது. சம்பள விவரம் தெரிந்தால் ஊழியர்களுக்குள் மனக்கசப்பு வளரும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

அந்த அச்சத்தை நான் அலட்சியமாகத் தள்ளவில்லை, அதற்கு ஆய்வு ஆதாரமே இருக்கிறது. அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பளங்கள் ஓர் இணையதளத்தில் வெளியானபோது, ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு மட்டும் அந்தத் தளத்தைப் பற்றித் தெரிவித்துப் பொருளியலாளர்கள் ஒப்பீட்டு ஆய்வு செய்தார்கள். 2012இல் வெளியான அந்த ஆய்வின்படி, தம் துறையில் நடுமதிப்புக்குக் கீழே சம்பளம் பெற்றவர்களின் மனநிறைவு குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது; மேலே இருந்தவர்களிடம் அதற்கு ஈடான மகிழ்ச்சி எதுவும் கூடவில்லை. வெளிப்படைத்தன்மை எல்லோரையும் மகிழ்விக்கும் மருந்து என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம்.

ஆனால் மூடிவைப்பதன் விலை என்ன என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் குட்இயர் டயர் தொழிற்சாலையில் 1979 முதல் 1998 வரை பணியாற்றிய லில்லி லெட்பெட்டர், அதே வேலையைச் செய்த ஆண்களைவிடத் தமக்குக் குறைந்த சம்பளம் தரப்படுவதைத் தம் பணிக்காலத்தின் இறுதியில், யாரோ எழுதிவைத்த பெயரில்லாத ஒரு சீட்டின் மூலமே அறிந்தார். அப்போது அவருடைய மாதச் சம்பளம் 3,727 டாலர். அதே நிலையிலிருந்த ஆண்களில் மிகக் குறைவாகப் பெற்றவரின் சம்பளம் 4,286 டாலர், மிக அதிகமாகப் பெற்றவரின் சம்பளம் 5,236 டாலர். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. பாகுபாடான ஊதிய முடிவு எடுக்கப்பட்ட 180 நாட்களுக்குள் அவர் முறையிட்டிருக்க வேண்டும் என்று 2007இல் பெரும்பான்மைத் தீர்ப்பு சொன்னது. யாரும் தமக்குக் காட்டாத ஒன்றைப் பற்றி 180 நாட்களுக்குள் ஒருவர் எப்படி முறையிடுவார்? அந்தத் தீர்ப்பின் விளைவை மாற்றுவதற்காகவே 2009இல் அவருடைய பெயரிலேயே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் பிறப்பித்த ஊதிய வெளிப்படைத்தன்மை ஆணை இன்னும் மேலே செல்கிறது. வேலைக்கு விண்ணப்பிப்பவருக்குத் தொடக்க ஊதியத்தையோ அதன் வரம்பையோ முன்கூட்டியே சொல்ல வேண்டும். அவருடைய பழைய சம்பளத்தைக் கேட்கக் கூடாது. தம்மைப் போன்ற வேலையைச் செய்பவர்களின் சராசரி ஊதியத்தை ஆண், பெண் வாரியாகக் கேட்டறியும் உரிமை ஊழியருக்கு உண்டு.

இவற்றையெல்லாம் எங்கள் குழு எடுத்துரைத்த பிறகு, தம் பதவி நிலையின் வரம்பையும் அதற்கு அடுத்த நிலையின் வரம்பையும் ஒவ்வோர் ஊழியரும் பார்க்கும்படி நிர்வாகம் அந்தப் பக்கத்தைத் திறந்தது. யாருக்கு எவ்வளவு என்று பெயரோடு காட்டப்படுவதில்லை. அதை நான் கேட்கவுமில்லை. பக்கம் திறந்தபின்தான் மென்பொருளின் உண்மையான குறை தெரிந்தது. ஒரு நீளக்கோடு, அதில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளிதான் நான். அந்தப் புள்ளி ஏன் அங்கே இருக்கிறது, நகர வேண்டுமானால் என்ன தேவை, பணிக்காலமா, தேர்ச்சியா, பொறுப்பா என்பதற்கு ஒரு வரி விளக்கம்கூட இல்லை. பக்கம் திறந்த வாரத்தில் எங்கள் பிரிவில் இருவர் மிகவும் சோர்ந்துபோனார்கள். குறைவாகப் பெறுகிறோம் என்பதைக் காட்டிலும், ஏன் என்று தெரியாமல் குறைவாகப் பெறுகிறோம் என்பதே அவர்களை அதிகம் வருத்தியது என்று அவர்களுடன் பேசியபோது உணர்ந்தேன்.

இனி பணிமதிப்பீடு. மென்பொருளின் மிகப் பலவீனமான பகுதி இதுதான் என்பது என் கருத்து.

ஊழியர் தம்மைத் தாமே மதிப்பிடுகிறார். பிறகு மேலாளர் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுகிறார். அதன்பின் துறைத் தலைவர்கள் கூடி எல்லாப் பிரிவுகளின் மதிப்பெண்களையும் சமன் செய்கிறார்கள். இறுதி மதிப்பெண் ஊழியரின் திரைக்கு வருகிறது. சென்ற ஆண்டு என் மேலாளர் என்னை அழைத்து ஒரு மணி நேரம் பேசி, நான்கு கொடுத்திருப்பதாகவும் அதற்கான காரணங்களையும் சொன்னார். அது நல்ல உரையாடல். சுட்டிக்காட்டிய குறைகளும் நியாயமானவை. மூன்று வாரங்கள் கழித்துத் திரையில் மூன்று என்று வந்தது. அவரிடம் சென்று கேட்டேன். திரையை நெடுநேரம் பார்த்துவிட்டு, "நான் போட்டது நான்குதான், எந்த இடத்தில் மூன்றானது என்று எனக்கும் சொல்லவில்லை" என்றார். அவருடைய முகத்தில் இருந்த சங்கடம் எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. தான் நேர்மையாகச் சொன்ன ஒன்று பொய்யாகிப்போன ஒரு மனிதரின் சங்கடம் அது.

குழுவின் ஆய்வின்போதுதான் விவரம் புரிந்தது. ஒவ்வொரு மதிப்பெண் மாற்றத்தையும், மாற்றியவரின் பெயரையும், தேதியையும் மென்பொருள் துல்லியமாகப் பதிவு செய்கிறது. அந்த மாற்றப் பதிவேட்டில் காரணத்திற்கென்று ஒரு கட்டமும் உண்டு. ஆனால் அந்தப் பதிவேடு மனிதவளத் துறையின் திரையில் மட்டுமே தெரியும். ஊழியருக்கும் தெரியாது, அவரை மதிப்பிட்ட மேலாளருக்கும் தெரியாது. இதைவிட என்னை வருத்திய இன்னொன்றும் வெளிவந்தது. நான்கும் ஐந்தும் பெறக்கூடியவர்களின் எண்ணிக்கைக்கு ஓர் உச்சவரம்பு அமைப்புகளில் ஏற்கனவே இடப்பட்டிருந்தது. அதாவது, ஒரு பிரிவில் அனைவரும் சிறப்பாக உழைத்தாலும் சிலருக்கு மூன்றுதான் என்பது மதிப்பீடு தொடங்கும் முன்பே தீர்மானமாகிவிட்டிருக்கிறது. ஊழியர்களை இப்படிக் கட்டாயமாக வரிசைப்படுத்தும் முறை பல பெரிய நிறுவனங்களில் இருந்ததுதான். மைக்ரோசாஃப்ட் 2013இல் அதைக் கைவிட்டது. அந்த முறை நல்லதா கெட்டதா என்பது தனி விவாதம். அப்படி ஒரு விதி இருக்கிறது என்பதையே 400 பேரிடம் சொல்லாமல், 'உங்கள் உழைப்பின் அளவு' என்ற தலைப்பின் கீழ் அந்த எண்ணைக் காட்டியதை என்னால் ஏற்க முடியவில்லை. விதியைச் சொல்லியிருந்தால் அதை எதிர்த்து வாதிட்டிருக்கலாம், ஏற்றுக்கொண்டும் இருக்கலாம். சொல்லாததால், ஒவ்வொருவரும் தம் வேலையில் இல்லாத குறையைத் தேடிக்கொண்டிருந்தோம்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது மேலாளர் குறிப்புகள் என்ற பகுதி. பூட்டுச் சின்னத்துடன் இருக்கும் இந்தப் பெட்டியில் மேலாளர் ஊழியரைப் பற்றி எதை வேண்டுமானாலும் எழுதலாம்; சம்பந்தப்பட்டவருக்குத் தெரியாது; ஆனால் சமன்செய்யும் கூட்டத்தில் துறைத் தலைவர்களின் திரையில் அது விரியும். இத்தகைய பெட்டிகள் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஜெர்மனியின் நூரம்பெர்க் நகரில் எச் அண்ட் எம் என்ற ஆடை விற்பனை நிறுவனத்தின் சேவை மையத்தில் நடந்தது ஒரு பாடம். விடுமுறையோ நோய் விடுப்போ முடிந்து திரும்பும் ஊழியர்களிடம் மேலாளர்கள் பேசி, அவர்களுடைய நோய், குடும்பச் சிக்கல்கள், மத நம்பிக்கை வரை குறித்து வைத்திருந்தார்கள். அந்தக் குறிப்புகள் பணி தொடர்பான முடிவுகளுக்கும் பயன்பட்டன. 2019 அக்டோபரில் ஓர் அமைப்புப் பிழையால் அவை சில மணி நேரம் நிறுவனம் முழுவதும் திறந்துகிடந்தபோதுதான் விஷயம் வெளியே வந்தது. மறு ஆண்டு ஹாம்பர்க் தரவுப் பாதுகாப்பு ஆணையர் சுமார் 3.53 கோடி யூரோ அபராதம் விதித்தார்.

எங்கள் மேலாளர்கள் அப்படி எழுதுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்த்திராத ஒன்றைப் பற்றிச் சொல்லவும் கூடாது. ஆனால் பார்க்க முடியாமல் இருப்பதே பிரச்சினை. மென்பொருளில் 'என் தரவைப் பதிவிறக்கு' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் சுயவிவரம், விடுப்புக் கணக்கு, சம்பளச் சீட்டுகள் எல்லாம் அழகாக ஒரே கோப்பில் வருகின்றன. மேலாளர் குறிப்புகளும் வருவதில்லை, மாற்றப் பதிவேடும் வருவதில்லை. 2018இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு விதிமுறை, தம்மைப் பற்றிய தரவைக் கேட்கும் உரிமையைத் தனிநபருக்குத் தந்து, பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும் என்கிறது. அந்த விதிமுறைக்கு இணங்கியது என்று விளம்பரப்படுத்தும் ஒரு மென்பொருளின் பொத்தான், ஒருவரைப் பற்றிய மிக முக்கியமான இரண்டு பகுதிகளை விட்டுவிட்டு மற்றதைத் தருவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒருவரைப் பற்றிய முடிவுக்குப் பயன்படும் குறிப்பை அவருக்குக் காட்ட இயலாது என்றால், அந்தக் குறிப்பை அந்த முடிவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்பதே எங்கள் குழுவின் நிலைப்பாடு.

கணினிப் பயன்பாட்டைக் கண்காணிக்கும் பகுதியில் மென்பொருள் நான் எதிர்பார்த்ததைவிட மேலாக இருக்கிறது. எவையெல்லாம் பதிவாகின்றன, எத்தனை நாட்கள் வைத்திருக்கப்படும், யார் பார்க்கலாம் என்று ஒரே பக்கத்தில் எளிய மொழியில் தெரிவிக்கிறார்கள். ருமேனியாவைச் சேர்ந்த பார்புலெஸ்கு என்பவரின் இணைய உரையாடல்களை அவருடைய நிறுவனம் கண்காணித்து அவரைப் பணிநீக்கம் செய்த வழக்கில், கண்காணிப்பின் தன்மையையும் அளவையும் ஊழியருக்கு முன்கூட்டியே தெரிவித்திருந்தார்களா என்பதை ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2017இல் முக்கியமான கேள்வியாக எடுத்துக்கொண்டு, அவருடைய தனியுரிமை மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது. அந்தக் கேள்விக்கு இந்தப் பக்கம் நேரான விடை தருகிறது. ஆனால் மென்பொருளை நிறுவும்போது கண்காணிப்பு இயங்கும் நிலையிலும், அதை விளக்கும் பக்கம் அணைக்கப்பட்ட நிலையிலும் வருகின்றன. வாங்குபவர்கள் முதல் நாளே கவனிக்க வேண்டியது இது.

முறையீட்டுப் பகுதியில் பெயரில்லாமலும் புகார் தரலாம். ஒரு குறியீட்டு எண் கிடைக்கும், அதை வைத்து நிலையைப் பார்க்கலாம். தொடக்கத்தில் 'ஆய்வில் உள்ளது' என்ற ஒரே வரி மாதக்கணக்கில் நின்றது. முறைகேடுகளை வெளிப்படுத்துவோரைப் பாதுகாக்கும் 2019ஆம் ஆண்டின் ஐரோப்பிய ஆணை, புகார் கிடைத்ததை 7 நாட்களுக்குள் தெரிவிக்கவும், அதன்பின் 3 மாதங்களுக்குள் என்ன நடவடிக்கை என்று பதில் தரவும் சொல்கிறது. அதே காலக்கெடுவை எங்கள் அமைப்பிலும் இடச் சொன்னோம். இப்போது கெடு தாண்டினால் அந்த வரி சிவப்பாகிறது, நிர்வாக இயக்குநருக்கும் அறிவிப்பு போகிறது. இது மென்பொருளில் முன்பே இருந்த வசதிதான்; யாரும் இயக்கவில்லை.

ஊழியர் கருத்துக்கணிப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஐந்து பேருக்குக் குறைவான குழுவின் விடைகளைக் காட்ட மாட்டோம் என்று மென்பொருள் உறுதி தருகிறது. ஆனால் ஆறு பேர் கொண்ட பிரிவின் சராசரியையும், அதே பிரிவில் ஐந்தாண்டுக்கு மேல் பணியாற்றிய ஐந்து பேரின் சராசரியையும் தனித்தனியே எடுத்துக் கழித்தால், மீதமுள்ள ஒருவரின் விடை வந்துவிடுகிறது. கூட்டலும் கழித்தலும் தெரிந்த எந்த மேலாளராலும் இது முடியும். தயாரிப்பாளரிடம் செய்துகாட்டினோம், அவர்கள் மறுக்காமல் ஒப்புக்கொண்டு, அடுத்தடுத்து வடிகட்டும் வசதியைச் சிறு பிரிவுகளுக்கு நிறுத்திவைத்தார்கள். அவர்களுடைய உதவிப் பிரிவு பொதுவாகவே பொறுமையாகவும் நேராகவும் பதில் சொல்கிறது என்பதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். கைப்பேசிச் செயலி மெதுவானது, மற்றபடி குறையில்லை.

இதை வாங்கலாமா என்று கேட்கும் நிறுவனத்துக்கு, சம்பளமும் விடுப்பும் மட்டுமே தேவை என்றால் தாராளமாக வாங்கலாம் என்பேன். பணிமதிப்பீட்டுக்கும் சேர்த்து வாங்குவதானால், ஒப்பந்தத்துக்கு முன்பே மூன்று திரைகளையும் ஒரே மேசையில் திறந்துகாட்டச் சொல்லுங்கள். அந்த மேசையில் மேலாளரோடும் மனிதவளத் துறையினரோடும் சாதாரண ஊழியர் ஒருவரும் அமர்ந்திருக்கட்டும்.

எங்கள் சந்தாவை அடுத்த மாதம் புதுப்பிக்க வேண்டும். மாற்றப் பதிவேட்டை ஊழியருக்குத் திறப்பது, மதிப்பெண் உச்சவரம்பை அறிவிப்பது, மேலாளர் குறிப்புகளையும் தரவுப் பதிவிறக்கத்தில் சேர்ப்பது என மூன்று கோரிக்கைகளைக் குழு எழுத்தில் தந்திருக்கிறது. மூன்றாவதற்கு நிரலையே மாற்ற வேண்டும் என்று தயாரிப்பாளர் கால அவகாசம் கேட்டிருக்கிறார். இரண்டாவதை நிர்வாகம் இன்னும் விவாதிக்கிறது. முதலாவது சென்ற வாரம் நிறைவேறியது. அன்று மாலையே என் பதிவைத் திறந்து பார்த்தேன். நான்கிலிருந்து மூன்று, தேதி இருந்தது, மாற்றியவரின் பெயர் இருந்தது, காரணம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பித் தரும்படி இதே மென்பொருளின் முறையீட்டுப் பகுதியில், என் பெயரிலேயே, விண்ணப்பம் வைத்திருக்கிறேன். பெற்றுக்கொண்டதாக இரண்டாம் நாள் பதில் வந்துவிட்டது.